தேனீப் பல்வகைமை

தேனீப் பல்வகைமை என்பது உலகில் வாழும் தேனீ இனங்களின் எண்ணிக்கையையும், அவற்றிடையே காணப்படும் மரபியல் வேறுபாடுகளையும், வாழ்முறை வேறுபாடுகளையும் சேர்த்துக் குறிக்கும். பொது வழக்கில் தேனீ என்றதும் கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்க்கும் பூச்சியே நினைவுக்கு வருகின்றது. எனினும் இதுவரை அறிவியல் முறைப்படி பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000க்கும் மேற்பட்டவை ஆகும். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை மனிதருக்குப் பயன்படும் அளவில் தேனைச் சேமிப்பதில்லை, கூட்டமாகவும் வாழ்வதில்லை. மனிதரால் வளர்க்கப்படுபவை மிகச் சில இனங்களே.

வளர்க்கப்படும் தேனீக்களை வளர்ப்புத் தேனீக்கள் என்றும் ஏனையவற்றைக் காட்டுத் தேனீக்கள் என்றும் ஆய்வாளர்கள் பிரிப்பர். இங்கு காட்டுத் தேனீ என்பது காட்டில் வாழ்வது என்று பொருள்படாது. மனிதரின் பராமரிப்பு இன்றித் தானே வாழ்வது என்றே பொருள்படும். வீட்டுத் தோட்டத்து மண்ணில் வளை தோண்டும் தேனீயும் இவ்வகையில் காட்டுத் தேனீயே ஆகும்.

21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தேனீக்களின் அழிவு குறித்த கவலை உலகெங்கும் பரவியுள்ளது. இக்கவலை பெரும்பாலும் மேற்கத்தியத் தேனீ எனும் ஒரே வளர்ப்பு இனத்தைச் சுற்றியே அமைந்தது. ஆனால் அந்த இனம் உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. உண்மையான இடர் காட்டுத் தேனீக்களுக்கே என்பதும், வளர்ப்புத் தேனீப் பெட்டிகளைப் பெருக்குவதால் அந்த இடர் நீங்காது என்பதும் கடந்த சில பத்தாண்டு ஆய்வுகளின் முதன்மையான முடிவுகளுள் அடங்கும்.

வகைப்பாடு

தேனீக்கள் எறும்புகள், குளவிகள் ஆகியவற்றுடன் சேர்ந்து ஹைமனாப்டெரா வரிசையில் அடங்கும். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், பூக்கும் தாவரங்கள் பரவத் தொடங்கிய காலத்தில், பிற பூச்சிகளை வேட்டையாடி உண்ட குளவிகளிலிருந்து இவை தோன்றின. இறைச்சிக்கு மாற்றாக மகரந்தத்தைத் தம் புழுக்களுக்கு உணவாக்கியதே தேனீக்களைக் குளவிகளிடமிருந்து வேறுபடுத்திய மாற்றமாகும்.

தேனீக்கள் ஏழு குடும்பங்களாகப் பிரிக்கப்படுகின்றன. அவையாவன:

- ஏப்பிடே – தேன் தரும் தேனீக்கள், கொசுத்தேனீக்கள், பம்பிள் தேனீக்கள், தச்சுத் தேனீக்கள் முதலியன
- மெகக்கிலிடே – இலைவெட்டித் தேனீக்கள், மண்ணால் அறை கட்டும் தேனீக்கள்
- ஹாலிக்டிடே – வியர்வைத் தேனீக்கள்
- ஆண்ட்ரெனிடே – மண்ணில் வளை தோண்டும் தேனீக்கள்
- கொல்லெட்டிடே – வளையின் உட்புறத்தில் மென்தாள் போன்ற பூச்சுப் பூசும் தேனீக்கள்
- மெலிட்டிடே – இனங்கள் குறைந்த சிறு குடும்பம்
- ஸ்டெனோட்ரிடிடே – ஆத்திரேலியாவில் மட்டும் காணப்படும் மிகச் சிறிய குடும்பம்

அமெரிக்காவின் கான்சாசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லசு மிச்செனர் (1918–2015) எழுதி 2000ஆம் ஆண்டில் வெளியான 'உலகின் தேனீக்கள்' என்னும் நூல் இவ்வகைப்பாட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது.

உருவ அளவிலும் தேனீக்கள் பெரிதும் வேறுபடுகின்றன. வட அமெரிக்காவின் வறண்ட பகுதிகளில் வாழும் பெர்டிட்டா மினிமா ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமே உடையது. இந்தோனேசியாவின் வடக்கு மலுக்குத் தீவுகளில் வாழும் வாலசின் பெருந்தேனீயின் பெண், 4 செ.மீ. அளவுக்கு வளரும். ஆல்பிரட் ரசல் வாலசு 1858இல் சேகரித்த இவ்வினம் அதன்பின் நெடுங்காலம் காணப்படாமல் இருந்தது. 1981இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 2019இல் முதன்முறையாக உயிருடன் படம்பிடிக்கப்பட்டது. ஓர் இனம் பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் இருந்தும் அழியாதிருக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பெரும்பாலான உயிரினக் குழுக்களில் வெப்பமண்டலத்திலேயே இனங்கள் மிகுதி. தேனீக்கள் இதற்கு விதிவிலக்காகும். 2021இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, நிலநடுக்கோட்டுப் பகுதியை விட வட, தென் அரைக்கோளங்களின் வறண்ட மிதவெப்பப் பகுதிகளிலேயே தேனீ இனங்கள் மிகுந்திருப்பதைக் காட்டியது. அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி, நடுநிலக்கடற் பகுதி ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

வளர்ப்புத் தேனீக்கள்

மனிதரால் வளர்க்கப்படும் முக்கியமான தேனீக்கள் பின்வருமாறு:

- மேற்கத்தியத் தேனீ (ஏப்பிஸ் மெல்லிஃபெரா): ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகியவற்றுக்கு உரியது. இன்று அந்தாட்டிக்கா தவிர்ந்த எல்லாக் கண்டங்களிலும் வளர்க்கப்படுகின்றது. இந்தியாவில் இத்தாலியத் தேனீ என அழைக்கப்படுகின்றது.
- இந்தியத் தேனீ (ஏப்பிஸ் செரானா): அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ எனவும் அழைக்கப்படும். தெற்கு, தென்கிழக்கு, கிழக்கு ஆசியாவுக்கு உரியது. வளர்ப்பிலும் காட்டிலும் ஒருங்கே காணப்படுகின்றது.
- கொசுத்தேனீக்கள்: கொடுக்கு வளர்ச்சி குன்றியவை, எனவே கொட்டுவதில்லை. வெப்பமண்டல நாடுகளில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மெக்சிக்கோவின் மாயா மக்கள் பழங்காலம் முதலே ஓரினத்தை வளர்த்து வருகின்றனர்.
- பம்பிள் தேனீக்கள்: உடல் பருத்து மயிர் அடர்ந்தவை. பாம்பசு டெரசுட்ரிசு என்னும் இனம் 1980களின் பிற்பகுதி முதல் கண்ணாடிக்கூடத் தக்காளிப் பயிருக்காக வணிக முறையில் வளர்க்கப்படுகின்றது.
- இலைவெட்டித் தேனீ: வட அமெரிக்காவில் குதிரைமசால் விதை உற்பத்திக்குப் பயன்படுகின்றது.
- ஆசுமியா பேரினத் தேனீக்கள்: சப்பானில் ஆப்பிள் தோட்டங்களிலும், பிற நாடுகளில் பழத்தோட்டங்களிலும் பயன்படுகின்றன.

இவற்றுள் மேற்கத்தியத் தேனீயே மிகப் பரவலாக வளர்க்கப்படுவது. கலிபோர்னியாவின் வாதுமைத் தோட்டங்கள் பூக்கும் காலத்தில், அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 20 இலட்சம் பெட்டிகள் சரக்குந்துகளில் அங்கு கொண்டு செல்லப்படுகின்றன.

காட்டுத் தேனீக்களின் வாழ்முறை

காட்டுத் தேனீக்களில் பெரும்பாலானவை தனித்தேனீக்கள் ஆகும். இவற்றில் அரசி, வேலைக்காரத் தேனீ என்ற பிரிவுகள் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே கூடு கட்டி, ஒவ்வோர் அறையிலும் மகரந்தமும் மலர்த்தேனும் கலந்த உருண்டையை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை மூடிவிடும். பெரும்பாலான இனங்களில் குஞ்சு வெளிவருமுன் தாய் இறந்துவிடும். பல இனங்களின் வளர்ந்த தேனீக்கள் ஆண்டில் சில வாரங்களே வெளியில் காணப்படுகின்றன. ஆண்டின் எஞ்சிய காலம் கூட்டினுள் கழிகின்றது.

தேனீ இனங்களில் மிகப் பெரும்பான்மையானவை நிலத்தில் வளை தோண்டிக் கூடமைப்பவை. ஏனையவை காய்ந்த மரம், உட்புறம் வெறுமையான தண்டுகள், சுவர் இடுக்குகள், நத்தையோடுகள் முதலியவற்றைப் பயன்படுத்துகின்றன. சில இனங்கள் சொந்தமாகக் கூடு அமைக்காமல், குயிலைப் போலப் பிற தேனீக்களின் கூட்டில் முட்டையிடுகின்றன.

உணவிலும் வேறுபாடுகள் உண்டு. சில இனங்கள் பலவகை மலர்களை நாடும். வேறு சில இனங்கள் ஒரு தாவரக் குடும்பத்தின் அல்லது ஒரு பேரினத்தின் மகரந்தத்தை மட்டுமே தம் புழுக்களுக்கு அளிக்கும். அத்தாவரம் ஓரிடத்தில் அழியுமாயின் அத்தேனீயும் அங்கு அழியும்.

தக்காளி, கத்தரி முதலிய தாவரங்களின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை மட்டுமே கொண்டது. பம்பிள் தேனீ, தச்சுத் தேனீ, நீலப்பட்டைத் தேனீ முதலியன இம்மலரைப் பற்றிக்கொண்டு பறக்கும் தசைகளை வேகமாக அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. இது அதிர்வு மகரந்தச் சேர்க்கை எனப்படும். மேற்கத்தியத் தேனீயால் இதனைச் செய்ய இயலாது. ஓர் இனத்தின் பணியை வேறோர் இனம் எப்போதும் நிறைவேற்றிவிடும் என்று கொள்ள இயலாமைக்கு இது தெளிவான சான்றாகும்.

ஆய்வு வரலாறு

செருமானியரான கிறிசுட்டியன் கொன்ராட் சுப்ரெங்கல் 1793இல் வெளியிட்ட நூலில், மலரின் நிறமும் வடிவமும் பூச்சிகளை ஈர்ப்பதற்காக அமைந்தவை என விளக்கினார். 1802இல் இங்கிலாந்தின் வில்லியம் கிர்பி அந்நாட்டுத் தேனீக்களைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். இந்தியத் துணைக்கண்டத்தின் தேனீக்களும் குளவிகளும் சார்லசு தாமசு பிங்காம் 1897இல் வெளியிட்ட தொகுதியில் விவரிக்கப்பட்டன.

ஆத்திரியாவைச் சேர்ந்த கார்ல் வொன் பிரிசு, உணவு இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீக்கள் ஒருவகை நடனத்தால் தெரிவிப்பதைக் கண்டறிந்து, 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கையில் தங்கி, ஆசியத் தேனீ இனங்களின் நடனங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். இவை நடத்தை பற்றிய ஆய்வுகள். காட்டுத் தேனீக்களின் எண்ணிக்கை மாற்றம் குறித்த முறையான ஆய்வுகள் பெரும்பாலும் 1990களுக்குப் பின்னரே பெருகின.

2006–07 குளிர்காலத்தில் அமெரிக்காவில் வளர்ப்புக் கூட்டங்களிலிருந்து வேலைக்காரத் தேனீக்கள் பெருமளவில் திடீரென மறைந்தன. கூட்டச் சிதைவுச் சீர்குலைவு எனப்பட்ட இந்நிகழ்வு பொதுமக்களின் கவனத்தைத் தேனீக்களின்பால் ஈர்த்தது. ஆய்வுக்கான நிதியும் பெருகியது.

ஆய்வு முறைகள்

தேனீப் பல்வகைமையை அளவிடப் பின்வரும் முறைகள் பயன்படுகின்றன:

- வலை வீச்சு: குறித்த பாதையில் குறித்த நேரம் நடந்து, மலர்களில் அமரும் தேனீக்களை வலையால் பிடித்தல். எந்தத் தேனீ எந்த மலரை நாடுகின்றது என்பதையும் இம்முறையில் அறியலாம்.
- வண்ணக் கிண்ணங்கள்: நீலம், மஞ்சள், வெள்ளை நிறக் கிண்ணங்களில் சோப்பு கலந்த நீரை வைத்துத் தேனீக்களைச் சேகரித்தல். எளிய முறையாயினும் சிறு தேனீக்கள் மிகுதியாகவும் பெருந்தேனீக்கள் குறைவாகவும் சிக்குவதால் முடிவுகள் ஒருபக்கம் சாயக்கூடும்.
- பொறிக்கூடுகள்: மூங்கில் அல்லது நாணல் தண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு, அவற்றில் கூடமைக்கும் இனங்களைக் கண்காணித்தல். நிலத்தில் கூடமைக்கும் இனங்கள் இதில் அகப்படா.
- அருங்காட்சியக மாதிரிகள்: பழைய மாதிரிகளின் இடம், நாள் குறிப்புகளை இன்றைய நிலையுடன் ஒப்பிடுதல்.
- மரபணுக் குறியீடு: டி.என்.ஏ.யின் குறித்த பகுதியைக் கொண்டு, தோற்றத்தில் ஒத்த இனங்களைப் பிரித்தறிதல்.
- மக்கள் அறிவியல்: தன்னார்வலர்கள் எடுக்கும் படங்களையும் பதிவுகளையும் தொகுத்தல்.

தேனீக்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இயல்பாகவே பெரிதும் மாறக்கூடியது. எனவே ஓரிரு ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு சரிவு ஏற்பட்டுள்ளதா எனக் கூற இயலாது. பல இனங்களை நுண்ணோக்கியின் துணையுடன் வகைப்பாட்டு வல்லுநரே அடையாளம் காண முடியும். இத்தகைய வல்லுநர் உலகெங்கும் மிகக் குறைவு.

மகரந்தச் சேர்க்கையில் பங்கு

2007இல் வெளியான ஆய்வொன்றின்படி, உலகின் முதன்மையான 115 உணவுப் பயிர்களில் 87 பயிர்கள் விலங்குகளால் நடைபெறும் மகரந்தச் சேர்க்கையால் ஓரளவேனும் பயன்பெறுகின்றன. நெல், கோதுமை, சோளம் போன்ற தானியங்கள் காற்றாலோ தன் மகரந்தத்தாலோ சேர்க்கை அடைவதால் அவற்றுக்குத் தேனீக்கள் தேவையில்லை. எனவே தேனீக்கள் இன்றேல் உணவே இராது என்னும் கூற்று சரியன்று. ஆனால் பழங்கள், காய்கறிகள், எண்ணெய் வித்துகள், கொட்டைகள் ஆகியவற்றின் விளைச்சலும் தரமும் குறையும். உடலுக்கு வேண்டிய உயிர்ச்சத்துகள் பலவும் இவ்வுணவுகளிலிருந்தே கிடைக்கின்றன.

இதில் காட்டுத் தேனீக்களின் பங்கு நெடுங்காலம் குறைவாக மதிக்கப்பட்டது. 2013இல் வெளியான ஆய்வில், உலகெங்கும் 41 பயிர் அமைப்புகளின் தரவுகள் ஒப்பிடப்பட்டன. காட்டுப் பூச்சிகளின் வருகை கூடியபோது எல்லா அமைப்புகளிலும் காய்ப்பு கூடியது. வளர்ப்புத் தேனீக்களின் வருகையால் 14 விழுக்காடு அமைப்புகளில் மட்டுமே காய்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடியது. வளர்ப்புத் தேனீக்கள் காட்டுப் பூச்சிகளின் பணிக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகா என்பது இவ்வாய்வின் முடிவாகும்.

அமெரிக்காவின் நியூ செர்சி, பென்சில்வேனியா மாநிலங்களின் தர்ப்பூசணிப் பண்ணைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வும் இதனை உறுதி செய்தது. அங்கு ஆராயப்பட்ட பண்ணைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில், வளர்ப்புத் தேனீ முற்றிலும் இல்லாது போயினும் உள்ளூர்த் தேனீக்களே போதிய மகரந்தச் சேர்க்கையைச் செய்துவிடும் எனக் கணிக்கப்பட்டது. பல இனங்கள் இருப்பின் ஓரினம் நலிந்த ஆண்டில் வேறோர் இனம் அவ்விடத்தை நிரப்பும். இதனால் காட்டுத் தேனீப் பல்வகைமை வேளாண்மைக்கு ஒருவகைக் காப்பீடு எனக் கருதப்படுகின்றது.

சரிவு குறித்த சான்றுகள்

வளர்ப்புத் தேனீக்களைப் பொறுத்தவரை, 1961 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டில் உலகின் மொத்தக் கூட்டங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 45 விழுக்காடு பெருகியதாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. சில நாடுகளில் சரிவு இருப்பினும் உலக அளவில் கூட்டங்கள் குறையவில்லை. எனினும் மகரந்தச் சேர்க்கையை நம்பியுள்ள பயிர்களின் விளைச்சல் அதைவிடப் பன்மடங்கு வேகமாகப் பெருகியுள்ளது.

காட்டுத் தேனீக்களின் நிலை வேறு. முக்கியமான சான்றுகள் சில:

- பிரித்தானியா, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் காட்டுத் தேனீக்களும், அவற்றால் மகரந்தச் சேர்க்கை பெறும் தாவரங்களும் ஒருங்கே குறைந்து வருவதை 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.
- அமெரிக்காவின் எட்டு பம்பிள் தேனீ இனங்களை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், நான்கு இனங்களின் ஒப்பளவு 96 விழுக்காடு வரை வீழ்ந்திருந்தமை தெரியவந்தது.
- இல்லினாய்சு மாநிலத்தின் கார்லின்வில் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்லசு இராபர்ட்சன் எழுதிவைத்த குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு அங்கு மீண்டும் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில், காட்டுத் தரைத் தாவரங்களை நாடிய தேனீ இனங்களில் பாதி அப்பகுதியிலிருந்து மறைந்துவிட்டதாக 2013இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன.
- 2014இல் வெளியான ஐரோப்பியத் தேனீக்களின் சிவப்புப் பட்டியல் 1,965 இனங்களை மதிப்பிட்டது. 9.2 விழுக்காடு இனங்கள் அழிவாய்ப்பு உடையவை எனவும், 56.7 விழுக்காடு இனங்களைப் பற்றி முடிவு கூறப் போதிய தரவு இல்லை எனவும் அது கூறியது. 2025ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 1,928 இனங்களில் குறைந்தது 172 இனங்கள் அழிவாய்ப்பு உடையவை எனக் கண்டறியப்பட்டது.
- 2006–2015 காலப்பகுதியில் உலகத் தரவுத்தளங்களில் பதிவான தேனீ இனங்களின் எண்ணிக்கை, 1990களுக்கு முன்னிருந்ததை விட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு என 2021ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. பதிவாகாத இனங்கள் யாவும் அழிந்துவிட்டன என்பது இதன் பொருளன்று. அவை அரிதாகிவிட்டன எனக் கொள்ளலாம்.

அமெரிக்காவின் ஒரிகன், கலிபோர்னியா எல்லைப் பகுதியில் மட்டும் வாழ்ந்த பிராங்கிளின் பம்பிள் தேனீயை ஆய்வாளர் இராபின் தார்ப் ஆண்டுதோறும் தேடி வந்தார். 2006இல் அவர் கண்ட ஒரு தேனீக்குப் பின் அவ்வினம் காணப்படவில்லை. 2021இல் அது அழியும் நிலையிலுள்ள இனமாக அந்நாட்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டது. தார்ப் 2019இலேயே காலமாகிவிட்டார்.

அச்சுறுத்தல்கள்

வாழிட இழப்பு

புல்வெளிகளும் வேலியோரப் புதர்களும் அழிக்கப்பட்டு ஒரே பயிர் பரந்த நிலத்தில் விளைவிக்கப்படும்போது, அப்பயிர் பூக்கும் சில வாரங்கள் தவிர ஏனைய காலங்களில் தேனீக்களுக்கு உணவு கிடைப்பதில்லை. ஆழ உழுதலும் தரையைக் கற்காரையால் மூடுவதும் நிலத்தில் கூடமைக்கும் இனங்களின் கூடுகளை அழிக்கின்றன. சிறு தனித்தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவே பறப்பவை ஆதலால், உணவும் கூடமைக்கும் இடமும் அருகருகே இருத்தல் வேண்டும்.

பூச்சிகொல்லிகள்

இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தயாமீத்தாக்சம் முதலிய நியோநிக்கோட்டினாய்டுப் பூச்சிகொல்லிகள் தாவரத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் பரவுவதால் மகரந்தத்திலும் மலர்த்தேனிலும் கலக்கின்றன. சுவீடனில் 16 வயல்களில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், குளோத்தியானிடின் பூசப்பட்ட விதைகளால் காட்டுத் தேனீக்களின் அடர்த்தியும் பம்பிள் தேனீக் கூட்டங்களின் வளர்ச்சியும் குறைந்தன. ஆனால் வளர்ப்புத் தேனீக் கூட்டங்களில் குறிப்பிடத்தக்க பாதிப்பு காணப்படவில்லை. பூச்சிகொல்லிகளின் தீங்கைச் சோதிக்க வழக்கமாகப் பயன்படுவது வளர்ப்புத் தேனீயே ஆதலால், இம்முடிவு சோதனை முறையையே கேள்விக்கு உள்ளாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் இம்மூன்று பூச்சிகொல்லிகளை 2013இல் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு முற்றாகத் தடை செய்தது.

நோய்களும் ஒட்டுண்ணிகளும்

வரோவா உண்ணி இயல்பில் இந்தியத் தேனீயின் ஒட்டுண்ணி ஆகும். இந்தியத் தேனீக் கூட்டில் அது பெரும்பாலும் ஆண் புழுக்களில் மட்டுமே பெருகும். வேலைக்காரத் தேனீக்கள் அதனைக் கடித்து அகற்றவும் வல்லவை. 20ஆம் நூற்றாண்டில் மேற்கத்தியத் தேனீ ஆசியாவில் வளர்க்கப்பட்டபோது இவ்வுண்ணி அதற்குத் தாவியது. இத்தகைய தற்காப்பு போதிய அளவில் இல்லாத மேற்கத்தியத் தேனீக் கூட்டங்கள் உலகெங்கும் பேரிழப்புக்கு உள்ளாயின. நெடுங்காலம் இவ்வுண்ணி நுழையாதிருந்த ஆத்திரேலியாவிலும் 2022 சூனில் அது கண்டறியப்பட்டது. அதனை ஒழிக்கும் முயற்சி 2023 செப்டெம்பரில் கைவிடப்பட்டது.

காலநிலை மாற்றம்

வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் பம்பிள் தேனீக்கள் தம் வாழிடப் பரப்பின் தெற்கு எல்லையை 300 கி.மீ. வரை இழந்துள்ளதாகவும், வடக்கே அதற்கு ஈடாகப் பரவவில்லை எனவும் 2015இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

சிறு கூட்டங்களின் மரபியல் இடர்

தேனீக்களில் கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் தோன்றும். எண்ணிக்கை குறைந்து நெருங்கிய உறவில் இனப்பெருக்கம் நிகழுமாயின், கருவுற்ற முட்டைகளிலிருந்தும் பயனற்ற ஆண்கள் தோன்றுகின்றன. இதனால் பெண்கள் மேலும் குறைந்து அழிவு விரைவுபடுகின்றது. சிறு எண்ணிக்கையில் எஞ்சியுள்ள தேனீ இனங்களுக்கு இது கூடுதலான இடராகும்.

வளர்ப்புத் தேனீக்களால் காட்டுத் தேனீக்களுக்கு ஏற்படும் தாக்கம்

வளர்ப்புத் தேனீக்கள் மூன்று வழிகளில் காட்டுத் தேனீக்களைப் பாதிக்கக்கூடும்: மலர்களுக்கான போட்டி, நோய் பரப்புதல், அயல் தாவரங்கள் பரவ உதவுதல். எல்லா இடங்களிலும் இப்பாதிப்பு ஒரே அளவினதன்று. பெட்டிகளின் அடர்த்தியையும் மலர்களின் மிகுதியையும் பொறுத்தது. சிறகைச் சிதைக்கும் வைரசு முதலிய நோய்க்காரணிகள் வளர்ப்புத் தேனீக்களிடமிருந்து பம்பிள் தேனீக்களுக்குத் தாவுவதை 2014இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது.

அயல் இனத்தைக் கொண்டுவருவதன் விளைவுக்குத் தென் அமெரிக்கா எடுத்துக்காட்டாகும். 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பம்பிள் தேனீ பயிர்களுக்காகச் சிலி நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அது வளர்ப்பிடங்களிலிருந்து வெளியேறி, ஆண்டீசு மலையைக் கடந்து 2006இல் ஆர்செந்தீனாவை அடைந்தது. அது பரவிய இடங்களில் எல்லாம், உலகின் மிகப்பெரிய பம்பிள் தேனீக்களுள் ஒன்றான பாம்பசு தால்போமி என்னும் உள்ளூர் இனம் மறையத் தொடங்கியது.

இத்தகைய சான்றுகளின் அடிப்படையில், மேற்கத்தியத் தேனீ வளர்ப்பைக் கால்நடை வளர்ப்பைப் போன்ற வேளாண் தொழிலாகவே கருதவேண்டும் எனவும், அதனை இயற்கைப் பாதுகாப்பாகக் கொள்ளலாகாது எனவும் ஆய்வாளர்கள் பலர் வலியுறுத்துகின்றனர்.

தென்னிந்தியாவும் இலங்கையும்

இந்தியாவில் 700க்கும் மேற்பட்ட தேனீ இனங்களும் இலங்கையில் ஏறத்தாழ 150 இனங்களும் அறியப்பட்டுள்ளன. தேன் தரும் இனங்களுள் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, இந்தியத் தேனீ ஆகிய மூன்றும் தென்னிந்தியா, இலங்கை ஆகிய இரண்டிலும் இயற்கையாகவே வாழ்கின்றன. கொசுத்தேனீயும் இரண்டிலும் உண்டு. 2022இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஏப்பிஸ் கரிஞ்ஞொடியன் என்னும் புதிய இனம் விவரிக்கப்பட்டது. இதனைத் தனி இனமாகக் கொள்வது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு.

மலைத்தேனீ பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றைப் பேரடை கட்டி, பருவத்துக்கேற்ப இடம்பெயரும். இதனைப் பெட்டியில் வளர்க்க இயலாது. நீலகிரியில் குறும்பர் முதலிய பழங்குடியினர் கொடிகளால் ஆன ஏணிகளில் பாறைமுகட்டிலிருந்து இறங்கி இதன் தேனை எடுக்கின்றனர். கோத்தகிரியைச் சேர்ந்த கீசுட்டோன் நிறுவனம் 1990கள் முதல் இம்மக்களுடன் இணைந்து பணியாற்றி வருகின்றது. குடகு மாவட்டத்தின் ரொபசுட்டா காப்பிச் செடி தன் மகரந்தத்தால் காய்க்காதது; மலைத்தேனீ, இந்தியத் தேனீ, கொசுத்தேனீ ஆகிய மூன்றுமே அதன் முதன்மையான மகரந்தச் சேர்ப்பிகள் என ஆய்வுகள் காட்டுகின்றன. நகரங்களில் உயரக் கட்டடங்களிலும் நீர்த்தொட்டிகளிலும் கட்டப்படும் மலைத்தேனீ அடைகள் அச்சத்தால் தீயிட்டோ மருந்தடித்தோ அழிக்கப்படுகின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பகுதி இந்தியத் தேனீ வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. இங்கும் கேரளத்திலும் தேனின் பெரும்பகுதி, இரப்பர் மரம் புதிதாகத் துளிர்க்கும் காலத்தில் அதன் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து கிடைக்கின்றது. 1991–92 காலப்பகுதியில் தாய் சாக்புரூட் எனப்படும் வைரசு நோய் தென்னிந்தியாவில் பரவியது. இந்நோய் கண்ட புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகி இறந்துவிடும். கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் வளர்ப்புக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்து, ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் வருவாய் இழந்தனர். அதன்பின் இத்தாலியத் தேனீ இப்பகுதிகளில் பரப்பப்பட்டது. நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களிலிருந்து இந்தியத் தேனீ படிப்படியாக மீண்டது. ஓர் இனத்தினுள் உள்ள மரபியல் வேறுபாடு எதற்குப் பயன்படும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பாதுகாப்பு நடவடிக்கைகள்

2000ஆம் ஆண்டில் உயிரியல் பல்வகைமை உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு மகரந்தச் சேர்ப்பிகள் முன்முயற்சி தொடங்கப்பட்டது. 2016இல் உயிரியல் பல்வகைமைக்கான அரசுகளிடை அறிவியல் மேடை, மகரந்தச் சேர்ப்பிகள் குறித்த முதல் உலக மதிப்பீட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் அவாயித் தீவுகளின் ஏழு தேனீ இனங்கள் அமெரிக்கச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டன. இச்சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட முதல் தேனீக்கள் இவையே. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2017இல் எடுத்த முடிவின்படி, 2018 முதல் மே 20 உலகத் தேனீ நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

ஆய்வுகளின் அடிப்படையில் பரிந்துரைக்கப்படும் நடவடிக்கைகள்:

- வயல் ஓரங்களில் பல்வேறு காலங்களில் பூக்கும் உள்ளூர்த் தாவரங்களை வளர்த்தல்
- சிறிதளவு வெற்று நிலத்தை உழாமலும் மூடாமலும் விடுதல்
- காய்ந்த மரங்களையும் தண்டுகளையும் அகற்றாதிருத்தல்
- பயிர் பூத்திருக்கும் காலத்தில் பூச்சிகொல்லி தெளிப்பதைத் தவிர்த்தல்
- தேனீக் கூட்டங்களை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தல்
- பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வளர்ப்புப் பெட்டிகளின் எண்ணிக்கையை வரையறுத்தல்
- மலைத்தேனீ அடை கட்டும் மரங்களையும் பாறைகளையும் காத்தல்

தேனீப் பாதுகாப்பில் தற்போதுள்ள பெருந்தடை தரவுக் குறைபாடு ஆகும். நீண்டகால ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமே நடந்துள்ளன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலான காட்டுத் தேனீ இனங்களுக்கு, பிற்காலத்தில் ஒப்பிடுவதற்கான அடிப்படைக் கணக்கெடுப்பே இல்லை. கார்லின்வில் பகுதியில் எவை மறைந்தன எனக் கூற முடிந்தமைக்குக் காரணம், அங்கு ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்திருந்தமையே ஆகும். அத்தகைய பதிவு இல்லாத இடங்களில் ஓரினம் அழிந்தாலும் அது அறியப்படாமலே போகும்.

இவற்றையும் பார்க்க

- தேனீ வளர்ப்பு
- மகரந்தச் சேர்க்கை
- மலைத்தேனீ
- இந்தியத் தேனீ
- உயிரியல் பல்வகைமை